பதினேழாவது பாட்டில்

சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டம்:
ஞானஸ்நானம் பெற்ற தேதி.
கோடு கிழிப்பதா, பொருந்தாது என்று எழுதுவதா,
யோசித்து யோசித்து
வெறுமனே விட்டேன்.
அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை.
சுற்றுச்சூழல் அறிவியல், முதுநிலை, இரண்டாம் ஆண்டு.
அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான்
ஏதோ ஒரு பீரோவுக்குள் இருக்கிறது.

ஆய்வுக்கு முப்பது ஊர், முப்பது ஆழ்துளைக் கிணறு.
ஃபுளூரைடுக்குக் கண்ணாடி ஆகாது,
பிளாஸ்டிக் பாட்டில்தான் எடுக்க வேண்டும்.
சாயம் விட்டால் தண்ணீர் சிவக்கும்.
நஞ்சு கூடக் கூட
அந்தச் சிவப்பு வெளுக்கும்.
பல்லில் இது நேர்மாறு.
நல்லம்பள்ளியில் பதினாறு வருஷம் குடித்தது
என் முன்பல் இரண்டிலும்
டீக்கறை மாதிரி படுத்திருக்கிறது.
துறையின் குழுப்படத்தில்
உதட்டை இறுக்கி நிற்பவள் நான்.
"நீயே ஒரு மாதிரிதான்டி,
லேபிள் மட்டும் ஒட்டல" என்பாள் பியூலா.
அவள் சொன்னால் எனக்குக் கோபம் வராது.

பதினேழு, வேப்பனப்பள்ளி பக்கம்.
திரும்பி வந்த பேருந்தில் மாம்பழக் கூடைகள்,
கால் வைக்க இடமில்லை,
யாரோ என் பையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.
கிருஷ்ணகிரியில் இறங்கிப் பார்த்தால்
மூடி தளர்ந்து
பாட்டில் காலி, நோட்டு நனைந்திருந்தது.

"பதினாறையும் பதினெட்டையும் கூட்டி
ரெண்டால வகு.
நிலத்துக்கடியில என்ன வேலியா போட்டிருக்கு?"
பியூலா சொன்னதில் கணக்குப் பிழை இல்லை.
அன்றிரவு அந்த எண்ணைப் பென்சிலால் எழுதினேன்.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிறு.
பியூலா பாடகர் குழுவில் நிற்க
நான் கடைசி பெஞ்சில்.
விடுதிக் காப்பாளரின் குழந்தைக்கு அன்று ஞானஸ்நானம்.
பாதிரியார் கிண்ணத்தில் கைவிட்டு
மூன்று தரம் நெற்றியில் வைத்தார்.
அது ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர்.
முதல் பருவத்தில் பழகுவதற்கு
அதைத்தான் சோதித்தோம்,
சுழியம் புள்ளி நான்கு.
குழந்தை வீறிட்டு அழுதது,
வாய் திறந்த இடத்தில்
பல் ஒன்றும் இன்னும் முளைக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம்
கிரானைட் லாரிகளின் பின்னால் புழுதி தின்றபடி
மறுபடி போனேன்.
அடிபம்பை ஏழெட்டு முறை அடித்தேன்.
இரும்போடு இரும்பு உரசிற்று,
உள்ளிருந்து ஒரு ஏப்பம்.
"நீள்ளு லேவம்மா" என்றாள்
குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தவள்.
எப்போதிருந்து?
"சனிக்கெழமையிலேருந்து. டேங்கருக்கு நிக்கறேன்."

நான் எடுத்தது வெள்ளிக்கிழமை.

அந்தக் கிணற்றின் கடைசித் தண்ணீரில் அரை லிட்டர்
யாரோ ஒருவரின் மாம்பழக் கூடையடியில்
சிந்திப் போயிருக்கிறது.

"போன தடவ புடிச்சிட்டுப் போனியே,
எங்க தண்ணி நல்லதா கெட்டதா?"
பதில் சொல்ல வாய் திறந்தேன்.
அவள் என் பல்லைப் பார்த்தாள்.
பிறகு சிரித்தாள்.
அவளுக்கும் அதே கோடு,
என்னுடையதைவிட இரண்டு நிழல் அடர்த்தி.
மூன்றுக்குக் குறையாது என்று
மனசு உடனே சொல்லிவிட்டது.
அதையும் எழுத முடியாது.

விடுதியில் ரப்பர் தேடினேன்.
பென்சில் எண் போய்விட்டது, தடம் போகவில்லை.
நோட்டு காய்ந்த இடத்தில்
தாள் நெளிநெளியாய்
வரப்பு மாதிரி கிடந்தது.
விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

"என்னதான் போட்ட?"
பியூலா எட்டிப் பார்த்தாள்.
பதினாறு, இரண்டு புள்ளி ஒன்று.
பதினெட்டு, இரண்டு புள்ளி எட்டு.
நடுவில் ஒரு கட்டம்.

இதைக் கேட்பார்கள்.
வாய்மொழித் தேர்வு இருபத்துமூன்றாம் தேதி.